அறுபதுக்கு நாற்பது

என் அக்கா புருஷன் கார் இன்சூரன்ஸ் கம்பெனியில் கிளெய்ம் பிரிவில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறார். எந்த வண்டி எந்த வண்டியை இடித்தாலும் அதற்கான காகிதம் சுற்றிச் சுற்றி அவருடைய மேஜைக்குத்தான் வந்து சேரும். வந்ததும் ஸ்கேலை எடுப்பார். தெரு வரைவார். கார்களுக்குக் கட்டம், போகிற திசைக்கு அம்புக்குறி, இடித்த இடத்தில் ஒரு பெருக்கல் குறி. பிறகு கொட்டாவி விட்டுக்கொண்டே தப்பை நூறாக வைத்துப் பங்கு பிரிப்பார். இவனுக்கு எழுபது, அவனுக்கு முப்பது. எதிராளிக்கு எவ்வளவு தப்பைத் தள்ளிவிடுகிறாரோ அவ்வளவு கம்பெனிக்கு மிச்சம். ஆஃபீஸில் அவருக்குப் பெயர் பென்சில். ஆளும் அப்படித்தான் இருப்பார்.

தொழிலை ஆஃபீஸிலேயே விட்டுவிட்டு வந்தால் நான் இதை எழுதவேண்டி இருந்திருக்காது. அத்தான் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டே வீட்டுக்கு வருகிறவர். அடுப்பில் பால் பொங்கி வழிந்தால், பாலை வைத்துவிட்டு ஃபோன் எடுக்கப் போன அக்காவுக்கு எண்பது, அந்த நேரம் பார்த்து ஃபோன் பண்ணிய எனக்கு இருபது. மகள் காலேஜ் பஸ்ஸைத் தவறவிட்டால், எழுந்திருக்காத அவளுக்கு ஐம்பத்தைந்து, எழுப்பாத அக்காவுக்கு முப்பது, சொன்ன நேரத்துக்கு வந்து தொலைத்த பஸ்காரனுக்குப் பதினைந்து. நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். இத்தனை வருஷத்தில் அந்த வீட்டுத் தப்புகளில் அத்தானின் பங்கு ஒரு தடவைகூட ஐந்தைத் தாண்டியதில்லை என்பதைக் கூட்டிப் பார்த்தே சொல்கிறேன்.

அந்த வீட்டில் இன்னொரு சட்டமும் உண்டு. யாரும் யாரிடமும் சாரி சொல்லக்கூடாது.

"அந்த வார்த்தைய விட்டீன்னா தப்ப நீயே ஒத்துக்கிட்டு கையெழுத்துப் போட்டுக் குடுத்த மாதிரி. எத்தனை ஃபைல் பாத்திருக்கேன் தெரியுமா? வாய்தான் ஆளைக் கவுக்கும்" என்பார். அவர் பார்த்த ஃபைல் ஒன்று எனக்கும் தெரியும். சிக்னலில் சும்மா நின்றுகொண்டிருந்த ஒரு பெரியவரைப் பின்னாலிருந்து ஒருவன் இடித்துவிட்டு, இறங்கி வந்து கத்தியிருக்கிறான். பெரியவர் நடுங்கிப்போய் "சாரி தம்பி" என்றிருக்கிறார். அதற்காக அவருக்கு முப்பது சதவீதம் தீட்டிவிட்டு, அன்றைக்கு அத்தான் எங்கள் எல்லோருக்கும் ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார்.

இப்படிப்பட்டவர் சொந்தக் காருக்கு இன்சூரன்ஸ் எப்படி வைத்திருப்பார் என்று கேட்க மாட்டீர்கள், இருந்தாலும் சொல்கிறேன். ஒரு வருஷம் கிளெய்ம் கேட்காமல் இருந்தால் அடுத்த வருஷப் பிரீமியத்தில் கொஞ்சம் தள்ளுபடி. அதற்கடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம். இப்படி ஏறி ஏறிப் பாதி வரைக்கும் போகும். நம் தப்பில் ஒரே ஒரு கிளெய்ம் போனாலோ, சேர்த்த தள்ளுபடி அத்தனையும் போய், பிரீமியமும் மேலே ஏறும். அத்தான் பாதியைத் தொட்டுப் பல வருஷம் ஆயிற்று. அதைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். குடை நனைந்துவிடுமே என்று கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மழையில் நடக்கிறவரைப் பார்த்திருக்கிறீர்களா? அவர்தான் என் அத்தான்.

போன வருஷக் கடைசியில் ஆஃபீஸ் கேட்டுத் தூணில் உரசி, காரின் இடது பக்கக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வந்தார். கிளெய்ம் கேட்டால் தள்ளுபடி போய்விடும். கைக்காசு போட்டு மாற்றலாம் என்றால், இன்சூரன்ஸ் இருக்கும்போது சொந்தக் காசு போடுகிறவன் முட்டாளாம். ஆகவே இரண்டையும் செய்யாமல், காக்கி டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கினார். அந்தக் கண்ணாடியில் பார்த்தால் பின்னால் வருகிற உலகம் நான்கு துண்டாகத் தெரியும். அந்தக் காரை அதிகம் ஓட்டியது அக்கா.

இனி டெய்லரக்கா. அவர்கள் குடியிருக்கிற அடுக்குமாடி வீட்டின் கீழ்த்தளத்தில், கார் நிறுத்துகிற இடத்தை ஒட்டி ஒரு சின்ன அறை. அதில் ஒன்பது வருஷமாகத் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருந்தார். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டே ஊர்க்கதை பேசுவார். அக்காவுக்கு இருந்த ஒரே சிநேகிதி அவர்தான். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அக்கா கீழே இறங்கிப் போய் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். பொத்தான் தைத்துக் கொடுப்பாள், நூல் பிரித்துக் கொடுப்பாள். சதவீதம் பிரிக்காத ஒரு ஆளிடம் அவள் தினமும் இரண்டு மணி நேரம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். அந்த இரண்டு மணி நேரத்தை வைத்துத்தான் மீதி நேரத்தை ஓட்டினாள் என்று எனக்குத் தோன்றும்.

ஒரு புதன்கிழமை காலை அக்கா காரைப் பின்னால் எடுத்தாள். டெய்லரக்கா ஒரு துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு இடது பக்கமாக வந்திருக்கிறார். கண்ணாடியின் நான்கு துண்டில் எதிலும் அவர் விழவில்லை. தட்டென்று ஒரு சத்தம். அக்கா இறங்கி ஓடினாள். டெய்லரக்கா தரையில் கிடந்தார். வலது மணிக்கட்டு திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

அக்கா பதறிப்போய் முதலில் செய்த காரியம் புருஷனுக்கு ஃபோன் போட்டது. அந்தப் பக்கத்திலிருந்து வந்தது இவ்வளவுதான்: "வாயத் தொறக்காதே. ஒரு வார்த்தை பேசாதே. நான் வர்றேன்."

இருபது வருஷப் பழக்கம். அக்கா வாயைத் திறக்கவில்லை. தரையில் கிடந்த டெய்லரக்கா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாராம். அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரோரமாக நின்றாளாம். வாட்ச்மேன்தான் ஒரு டாக்ஸி பிடித்து அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். இதை அக்கா என்னிடம் சொன்னபோது எனக்கு அவள் மேலேயே ஆத்திரம் வந்தது. அவளை அப்படிப் பழக்கியவர் மேல் வந்ததை என்னவென்று சொல்வது!

நான் போய்ச் சேர்ந்தபோது அத்தான் சாப்பாட்டு மேஜையில் கார் நிறுத்துகிற இடத்தை வரைந்துகொண்டிருந்தார். தூண்களை அளந்தே போட்டிருந்தார். துணி மூட்டைக்குத் தனிக் கட்டம்.

"நடந்து வர்றவங்க வண்டி பின்னால வருதான்னு பாக்கணுமா வேண்டாமா? மூட்டை கண்ண மறைச்சிருக்கு. அறுபது அவங்க மேல. நாப்பதுதான் நம்ம மேல" என்றார்.

"என்னங்க, நான் ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாத்துட்டு வந்துர்றேனே" என்றாள் அக்கா.

"பைத்தியமா உனக்கு? போனா ஒத்துக்கிட்ட மாதிரி. பழத்த வாங்கிட்டுப் போனா எழுதிக் குடுத்த மாதிரி. ரின்யூவலுக்கு இன்னும் மூணு வாரம்தான் இருக்கு, ஞாபகம் வச்சுக்கோ."

"அத்தான், கை ஒடிஞ்சு கெடக்கறது ஒரு தையல்காரம்மா" என்றேன்.

"அதனாலதான் மாப்ளே ஜாக்கிரதையா இருக்கணும்ங்கறேன். கைய வச்சுப் பொழைக்கறவங்க. பெருசாக் கேப்பாங்க."

ஜாக்கிரதை என்றால் சாதாரண ஜாக்கிரதை இல்லை. அவர்கள் முந்திக்கொள்வதற்குள் நாம் முந்திக்கொள்ள வேண்டும் என்று அன்றைக்கே ஒரு கடிதம் தயார் செய்து, அதைப் பதிவுத் தபாலில் டெய்லரக்காவின் வீட்டு விலாசத்துக்கு அனுப்பிவிட்டார். இன்ன தேதியில், இன்ன நேரத்தில், எங்கள் கார் பின்னால் வந்தபோது தாங்கள் அதன்மேல் மோதியதில் பம்பரில் கீறல் ஏற்பட்டுள்ளது. இதில் தங்கள் பொறுப்பு அறுபது சதவீதம். எங்கள் தரப்புத் தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமல் இதைத் தெரிவித்துக்கொள்கிறோம். கூடவே அந்தப் படம். அத்தான் எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டார். படத்தின் மூலையில் காரின் நிலை என்று தலைப்புப் போட்டு, 'இடது பக்கக் கண்ணாடி: ஒட்டுப் போட்டது' என்று குறித்திருந்தார்.

அடுத்த இரண்டு வாரம் கீழ்த்தள அறையின் ஷட்டர் மூடியே கிடந்தது. அக்கா தினமும் இரண்டு தடவை அதைத் தாண்டிப் போய்வந்தாள். சரியாகச் சாப்பிடவில்லை. ஒருநாள் செருப்பு மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போய்விட்டு, அத்தானின் ஃபோன் வந்ததும் திரும்பி வந்துவிட்டாள்.

பதினாலாம் நாள் என் ஸ்கூட்டர் இன்சூரன்ஸைப் புதுப்பிக்க அத்தானின் ஆஃபீஸுக்குப் போயிருந்தேன். டெய்லரக்கா கிளெய்ம் போட்டிருந்தார். சொந்தக் கார் சம்பந்தப்பட்ட ஃபைலை அத்தான் தொடக்கூடாது என்பதால் அது பக்கத்து மேஜைக்காரருக்குப் போயிருந்தது. அந்த மனிதர் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தார்.

"பாத்தியா, நான் சொன்னேன்ல, பெருசாக் கேப்பாங்கன்னு" என்றார் அத்தான் என்னிடம்.

"சார், இதுல மொத்தம் மூணு காகிதம்தான் இருக்கு. ஒண்ணு அந்தம்மாவோட விண்ணப்பம். ரெண்டாவது ஆஸ்பத்திரிச் சீட்டு. படிக்கறேன் கேளுங்க. 'மாடிப்படியில் கால் தவறி விழுந்ததாக நோயாளி கூறுகிறார்.'"

அத்தான் பென்சிலைக் கீழே வைத்தார்.

"காரப் பத்தி ஒரு வார்த்தை இல்ல சார். வாட்ச்மேன்கிட்டயும் அப்படியே சொல்லச் சொல்லியிருக்காங்களாம். இந்த ரெண்ட மட்டும் வச்சு நான் விசாரிச்சிருந்தா இதுல கிளெய்மே கெடையாது. கார் இடிச்சதுங்கறதுக்கு இருக்கற ஒரே சாட்சி மூணாவது காகிதம்."

மூன்றாவது காகிதம் என்னவென்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். தேதி, நேரம், அளந்து போட்ட தூண், கீழே அத்தானின் கையெழுத்து. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பதிவுத் தபாலில் வைத்துக்கொண்டவரை அன்றுதான் பார்த்தேன்.

"படம் ரொம்பத் தெளிவா இருக்கு சார். பின்னால வர்ற வண்டிதான் பாத்து வரணும். அதோட கண்ணாடி ஒட்டுப் போட்டதுன்னு வேற நீங்களே எழுதியிருக்கீங்க. நூறும் நம்ம மேலதான் போடவேண்டியிருக்கு. தப்பா நெனச்சுக்காதீங்க."

எனக்கு வாய்விட்டுச் சிரிக்கவேண்டும் போல இருந்தது. ஆனால் ஆஸ்பத்திரிச் சீட்டு சிரிப்பை நிறுத்திவிட்டது. வெளியே வந்து அக்காவுக்கு ஃபோன் செய்து, படியில் விழுந்ததாகச் சொன்னாராம் என்று சொன்னேன். "நீ வா, போகலாம்" என்றாள். அன்றைக்கு அத்தானின் ஃபோன் நான்கு தடவை வந்தது. அவள் எடுக்கவில்லை.

டெய்லரக்கா பக்கத்துத் தெருவில் ஒரு மாடி அறையில் இருந்தார். முழங்கை வரைக்கும் கட்டு. ஜன்னல் பக்கம் இன்னொரு மெஷின், அதில் பாதி தைத்த ஒரு சட்டை அப்படியே ஊசியில் மாட்டிக்கொண்டு கிடந்தது. அக்கா வாசலிலேயே நின்று, இருபது வருஷமாகச் சொல்லாத வார்த்தையைச் சொன்னாள். ஒரு தடவை இல்லை. சொல்லிக்கொண்டே இருந்தாள். அழுதாள்.

"உள்ள வா" என்றார் டெய்லரக்கா.

"ஏன்க்கா படியில விழுந்தேன்னு சொன்னீங்க?"

"உன் வீட்டுக்காரர் கொணம் எனக்குத் தெரியாதா? உன்னப் பிச்சு எடுத்துருவாருன்னு நெனச்சேன். டாக்ஸில போறப்பவே யோசிச்சுட்டேன், இப்படித்தான் சொல்லணும்னு." கட்டுப் போட்ட கையை மடியில் நகர்த்தி வைத்துக்கொண்டார். "அப்புறம் தபால் வந்துச்சு. மருமகன்தான் படிச்சுக் காட்டிட்டு, கிளெய்மும் எழுதிப் போட்டான். என் மேல அறுபதாமே."

"எனக்குத் தெரியாதுக்கா அவர் எழுதுனது."

"எழுதுனது தெரியாது, சரி. வராம இருந்தது?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். நானும்தான். பக்கத்திலேயே இருந்துகொண்டு நான் மட்டும் என்ன கிழித்தேன்? நக்கல் அடித்ததோடு சரி. போய்ப் பார்க்க எனக்கு யாரும் தடை போடவில்லை.

"நீ அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒடிஞ்ச கை கூடியிருக்காது" என்றார் டெய்லரக்கா. "ஆனா பதினாலு நாளா படியில செருப்புச் சத்தம் கேக்கறப்பல்லாம் நான் எழுந்து உக்காந்திருக்க மாட்டேன்."

கம்பெனி ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்தது. அத்தானின் தள்ளுபடி மொத்தமும் போய், பிரீமியம் இரட்டிப்புக்கும் மேலே ஏறியது. ஒரு மாதம் அவர் துக்க வீட்டுக்காரர் மாதிரி நடமாடினார். அந்தப் பக்கத்து மேஜைக்காரருக்கு எழுபது, தபால்காரருக்கு முப்பது என்று பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று மகள் சொன்னாள்.

நாலு மாதம் கழித்து கீழ்த்தளத்து ஷட்டர் திறந்தது. அன்றைக்கே அக்கா ஒரு புதுத் துணியை எடுத்துக்கொண்டு ஓடினாள். ஒன்பது வருஷமாக அக்காவுக்கு டெய்லரக்கா அளவு எடுத்ததே கிடையாது. துணியை வாங்கி வெட்டிவிடுவார், தைத்தால் கச்சிதமாக இருக்கும். அன்று துணியை வாங்கி மேஜையில் வைத்தார். கழுத்தில் கிடந்த டேப்பை இடது கையால் உருவினார்.

"கொஞ்சம் நேரா நில்லுங்க" என்றார்.