நாளைக்கே வாறேன் என்ற ஸக்கியா

ஸக்கியா மிஸ்ஸை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்வதில் எதை எவ்வளவு நம்புவது என்று கேட்பவர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

கண்டி யட்டிநுவர வீதியில், ஒரு சப்பாத்துக் கடைக்கு மேலே, எங்கள் காப்புறுதிக் கம்பனியின் கிளை இருந்தது. வாகன விபத்துப் பிரிவில் ஒன்பது பேர் வேலை செய்தோம். எங்காவது ஒரு வாகனம் மோதினால் சாரதி அந்த இடத்திலிருந்தே எங்களுக்கு அழைப்பார். எந்த இடம், யாருக்காவது காயமா, பொலிஸுக்குச் சொன்னீர்களா என்று கேட்டுப் பதிந்து, பார்வையிட ஆளை அனுப்ப வேண்டும். அந்தப் பிரிவில் மூத்தவர் ஸக்கியா மிஸ். நாற்பதைத் தாண்டியவர், கல்யாணம் முடிக்காதவர், பிலிமத்தலாவையிலிருந்து வந்து போனார். ஜன்னலோரக் கதிரையில் அவரைத் தவிர யாரும் உட்கார முடியாது. அவர் வராத நாளிலும் முடியாது.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ஒரு லொறி சாரதியோடு பேசிக்கொண்டிருந்தேன். லைன் தெளிவில்லை, சத்தமாகப் பேசினேன். மிஸ் பின்னால் வந்து நின்றார்.

"ஸ்ரீதரன், இது தோட்டமில்ல. மலையில நிண்டு ஆள் கூப்புடுற மாதிரி போன்ல கத்த வேணாம்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் புசல்லாவைக்காரன். அப்பாவும் அம்மாவும் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை.

கொரோனா வந்தபோது கம்பனி எங்களுக்கு ஆளுக்கொரு லெப்டொப்பைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியது. கொரோனா அடங்கியதும் எரிபொருள் இல்லாமல் போனது. பஸ்கள் ஓடவில்லை, ஆகவே யாரும் எங்களைத் திரும்பக் கூப்பிடவில்லை. நாடு முழுவதும் வரிசையில் நின்று வெந்துகொண்டிருந்த அந்தக் காலத்தில் நான் சந்தோஷமாக இருந்தேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மை. அதற்கு முன்பு விடிவதற்குள் புசல்லாவையில் பஸ் ஏறி, கம்பளை தாண்டி, பேராதனையில் நெரிசலில் நின்று, ஆபீஸ் போய்ச் சேருவதற்குள் பாதி உயிர் போய்விடும். மாலையில் மீதி. என் மகளுக்கு நான் ஞாயிற்றுக்கிழமை வரும் ஓர் ஆள். தூக்கினால் அழுவாள். வீட்டிலிருந்து வேலை செய்த காலத்தில்தான் அவள் என் தோளில் தூங்கப் பழகினாள்.

இருபத்துமூன்றாம் ஆண்டு தொடக்கத்தில் கொழும்பிலிருந்து அறிவித்தல் வந்தது. எல்லோரும் அலுவலகம் திரும்ப வேண்டும், திங்கள் முதல் வெள்ளி வரை. எங்கள் வட்ஸ்அப் குழு கொதித்தது. பன்விலவில் இருந்த நிரோஷினிக்கு அப்போது கைக்குழந்தை. பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே வேலை பார்ப்பாள், ஒரு அழைப்பையும் தவறவிட மாட்டாள். அவள்தான் முதலில் எழுதினாள்: "என்னால முடியவே முடியாது." பிறகு ஒவ்வொருவராக எழுதினோம். கூட்டத்தில் ஒரே குரலில் மறுப்பது என்று முடிவானது. ஸக்கியா மிஸ் மட்டும் ஒன்றும் எழுதவில்லை. அவர் எப்போதுமே குழுவில் எழுதுவதில்லை என்பதால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

கூட்டம் ஸூமில் நடந்தது. எங்கள் மனேஜர் முஹ்ஸின் சேர் எங்கள் பக்கம்தான் பேசினார். தூரம், பஸ் கட்டணம், வேலையில் குறை இல்லை என்பதையெல்லாம் எடுத்துச் சொன்னார். கொழும்பு டைரக்டர் யோசிப்பது போல இருந்தது. கடைசியில் ஒரு சம்பிரதாயத்துக்காகக் கேட்டார், வரக்கூடியவர் யாராவது உண்டா என்று.

ஒரு மைக் திறந்தது.

"நான் நாளைக்கே வாறேன் சேர்."

ஸக்கியா மிஸ்.

டைரக்டரின் முகம் மலர்ந்ததைத் திரையில் எல்லோரும் பார்த்தோம். "கண்டியின் மூத்த ஊழியரே வர முடியும் என்கிறார். அப்படியானால் மற்றவர்களுக்கு என்ன பிரச்சினை?" என்றார். அதற்குப் பிறகு முஹ்ஸின் சேர் பேசியது எதுவும் எடுபடவில்லை. இரண்டு வாரத்தில் எல்லோரும் திரும்பினோம். யாருக்கும் விலக்கு இல்லை.

நாங்கள் அவரைப் பழிவாங்கினோம். நான் முன்னுக்கு நின்றேன். காலையில் வணக்கம் சொல்வதை நிறுத்தினோம். பகல் சாப்பாட்டுக்கு மேசையை இழுத்துப் போட்டு எட்டுப் பேரும் ஒன்றாக உட்கார்ந்தோம், ஒன்பதாவது கதிரையை எடுத்து வெளியில் வைத்துவிட்டு. ஒருநாள் நிரோஷினி அவருடைய முகத்துக்கு நேரே, "மிஸ்ஸுக்குப் புள்ளகுட்டி இருந்தா தெரியும்" என்றாள். ஸக்கியா மிஸ் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "புள்ள பெத்தவ எல்லாம் வேல செய்யேலாதெண்டா, நாட்டுல ஒரு ஆஸ்பத்திரியும் நடக்காது" என்றார். நிரோஷினி கழிப்பறைக்குள் போய் அழுதாள்.

பன்விலவிலிருந்து வரும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, பால் கட்டி, காய்ச்சலோடு கொஞ்ச நாள் வேலை பார்த்தாள் நிரோஷினி. ஒரு வெள்ளிக்கிழமை அடையாள அட்டையைக் கழற்றி முஹ்ஸின் சேரின் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். போகும்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டாள். ஜன்னல் பக்கம் மட்டும் திரும்பவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. வீட்டில் இருக்க முடியவில்லை. பேராதனைக்கு வந்து, அங்கிருந்து கொழும்புப் பாதையில் பிலிமத்தலாவைக்கு பஸ் ஏறினேன். அந்த மனுஷியின் வீட்டு வாசலில் நின்று நாலு வார்த்தை கேட்காமல் போவதில்லை என்று நினைத்துக்கொண்டே போனேன்.

டவுனில் விசாரித்ததும் வீட்டைக் காட்டினார்கள். "ரிஸ்கான் ஹார்ட்வெயார்காரங்கட வீடு." ரிஸ்கான் அவருடைய தம்பி. உம்மாவும் வாப்பாவும் காலமான பிறகு தம்பி, மதினி, மூன்று பிள்ளைகளோடு ஸக்கியா மிஸ் அந்த வீட்டில் இருந்தார்.

கதவு திறந்தே கிடந்தது. உள்ளே பிள்ளைகளின் சத்தம், மிக்ஸர் சத்தம், அதற்கு மேலே டீவி. ஹோலுக்கும் குசினிக்கும் நடுவில் ஓர் ஒடுங்கிய நடை. அதில் ஸக்கியா மிஸ் நின்று உடுப்புகளை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தார். ஆண்களின் சேர்ட், பள்ளிக்கூட யூனிபோர்ம், ஒரு குவியல். என்னைக் கண்டதும் அயர்னை நிமிர்த்தி வைத்தார்.

"என்ன, ஆபீஸ்ல போடுற சண்ட போதாதா?"

"நிரோஷினி வேலைய விட்டுட்டா. தெரியும்தானே?"

"தெரியும்."

"உங்களாலதான்."

அதற்குள் குசினியிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "ராத்தா, அவன் தூக்கத்தால எழும்பிட்டான், எடுங்க. என்ட கை மாவு." மதினி றமீலா, அக்காவை ராத்தா என்பது அவர்கள் வழக்கம். வீட்டிலேயே கேக் செய்து விற்பவர். ஸக்கியா மிஸ் நகரவில்லை. குரல் இன்னும் உயர்ந்தது. "சும்மாதானே நிக்கிறீங்க, எடுத்தா என்ன?"

மிஸ் போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, இடுப்பில் வைத்தபடியே என்னைப் பார்த்தார். அந்த அயர்ன் மேசையைக் கையால் தட்டிக் காட்டினார்.

"ரெண்டு வருசத்துக்கு மேல இதுதான் என்ட ஆபீஸ். இந்த நடை. ஆக்கள் போகவும் வரவும். நான் வீட்டுல ஈக்கிறண்டா சும்மா ஈக்கிறண்டுதான் இவங்கட கணக்கு. புள்ளயப் பாரு, அடுப்பப் பாரு, கடைப் பொடியன்மாருக்கு சோறு கட்டு. போனக் காதுல வச்சிட்டே கட்டினேன்."

"அதுக்கு நாங்க என்ன செய்றது மிஸ்?"

"கேளுங்க. ஒரு மனுசன் கோல் எடுத்தான். கடுகண்ணாவ எறக்கத்துல வேன் பெரண்டு, பொஞ்சாதி உள்ளுக்கு மாட்டிக்கிட்டாவாம். அழுகிறான், பேர் கூட சொல்லேலாம. எந்த எடத்துலண்டு கேக்கிறேன். அந்த நேரம் பாத்து றமீலா கேக் கருகுதெண்டு இவன என்ட மடியில வச்சிட்டுப் போறா. இவன் கீபோர்ட்ல அடிச்சான், லைன் கட். நான் திரும்ப எடுக்கக்குள்ள போன் ஓஃப். எடுத்துக்கிட்டே ஈந்தேன். அந்த மனுசிக்கு என்ன நடந்ததெண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியாது."

குசினியில் மிக்ஸர் நின்றிருந்தது. றமீலா கேட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும். ஆனால் வெளியில் வரவில்லை.

எனக்கு இரக்கம் வந்தது. வந்த வேகத்தில் கோபமும் வந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டு எட்டுப் பேரின் கழுத்தில் கயிறு போட்டாரே என்ற கோபம்.

"இத முன்னாடியே எங்ககிட்ட சொல்லியிருந்தா, மிஸ் மட்டும் ஆபீஸ் வாறதுக்கு முஹ்ஸின் சேர்கிட்ட நாங்களே பேசியிருப்போம்ல?"

"நீங்களா?" சிரித்தார். நல்ல சிரிப்பில்லை. "எட்டு பேரும் சேந்து ஒரு முடிவெடுத்தீங்க. ஸக்கியாக்கு என்ன வேணுமெண்டு ஒராளாவது போன் எடுத்துக் கேட்டீங்களா? கேக்க மாட்டீங்க. ஒங்களுக்கு என்னப் புடிக்காது. எனக்கும் ஒங்களப் புடிக்காது. அதுல பிரச்சின இல்ல."

"நிரோஷினி உங்களுக்கு என்ன செஞ்சா?"

"அவள அனுப்பினது கம்பனி."

"கம்பனிக்குக் கதவத் திறந்து விட்டது நீங்க. உங்க வீட்டுச் சண்டைய வீட்டுல போட்டிருக்கணும். எங்க வீட்டுல கொண்டு வந்து போட்டுட்டீங்க."

மிஸ் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினார். அந்த நேரம் பார்த்து ரிஸ்கான் உள்ளே வந்தார். என்னைப் பார்த்து, "யாரு இது?" என்று அக்காவிடம் கேட்டார். "ஆபீஸ்ல கூட வேல செய்றவர். போகப் போறார்" என்றார் மிஸ். போனேன். ஒரு தேத்தண்ணி வேணுமா என்று அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் குடித்திருக்க மாட்டேன்.

திங்கட்கிழமை, நடந்ததை யாரிடமும் சொல்லவில்லை. ஒன்பதாவது கதிரை வெளியிலேயே கிடந்தது.

அடுத்த வருடம் கம்பனி மறுபடியும் மனம் மாறியது. கட்டட வாடகை வீண் செலவு என்று யாரோ கொழும்பில் கண்டுபிடித்துவிட்டார்கள். கண்டிக் கிளையை மூடி, எல்லோரையும் நிரந்தரமாக வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னார்கள். ஆபீஸில் கேக் வெட்டினோம். ஸக்கியா மிஸ் ஒரு துண்டும் எடுக்கவில்லை. தன் இழுப்பறையைக் காலி செய்து பையில் போட்டுக்கொண்டு, லிஃப்டுக்குக் காத்திராமல் படியில் இறங்கிப் போனார். ஒருவர்கூட வாசல்வரை போகவில்லை.

அந்த மாற்றத்தில் என்னை மேற்பார்வையாளராகப் போட்டார்கள். காலைக் கூட்டத்தில் ஸக்கியா மிஸ்ஸின் கெமராவில் அந்த நடையை எதிர்பார்த்தேன். வெறும் சுவர் தெரிந்தது, பூச்சு உரிந்த பச்சைச் சுவர். பின்னணியில் கொழும்பு பஸ்களின் ஹோர்ன். பிலிமத்தலாவை டவுனில், ஒரு டயர்க் கடைக்கு மேலே தனி அறை எடுத்து, காலையில் போய்க் கதவை உள்பக்கம் பூட்டிக்கொண்டு வேலை செய்கிறார் என்பது, சில நாள் கழித்து அவருடைய தம்பி எனக்கு போன் எடுத்தபோதுதான் தெரிந்தது. நம்பரை எப்படிப் பிடித்தாரோ தெரியாது.

"நீங்கதானே ராத்தாட பொஸ்?" என்றார் ரிஸ்கான். "கம்பனி வீட்டுல ஈந்து வேல செய்யத்தானே சொல்லீக்கி? இவ ரூம் எடுத்து ஈக்கிறா. கேட்டா கத்துறா. சமைக்க ஆளில்ல, புள்ளயளுக்கு ஆளில்ல, ஊர் என்ன கதைக்கும்? வீட்டுலதான் செய்யணுமெண்டு நீங்க ஓடர் போடுங்க."

உண்மையில் அப்படி ஒரு விதி இருந்தது. பதிவு செய்த முகவரியிலிருந்துதான் வேலை செய்ய வேண்டும். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நிரோஷினிக்காகக் கணக்குத் தீர்ந்துவிடும். சொல்ல வாயும் எடுத்தேன். ஆனால் அந்த ஆள், கடையில் ஆணி விற்கும் அதிகாரத்தோடு, "ஒடனே செய்யுங்க" என்றார். அது எனக்கு ஆகவில்லை.

"உங்க அக்கா எங்க இருந்து வேல செய்றாங்கன்னு பாக்கிறது என் வேலை. உங்க வேலை இல்ல. இந்த நம்பருக்கு இனிமே எடுக்காதீங்க" என்று வைத்துவிட்டேன்.

மிஸ்ஸிடம் இதைச் சொல்லவில்லை. ஆனால் தம்பி வீட்டில் போய்க் குதித்திருப்பார் போலிருக்கிறது, மறுநாள் அவருக்குத் தெரிந்திருந்தது. கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகும் அவருடைய சதுரம் திரையில் நின்றது. நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"ஸ்ரீதரன், நேத்து நீங்க அனுப்பின ரிப்போட்ல மூணு வாகன நம்பர் பிழ. மேற்பார்வையாளரெண்டா கொஞ்சம் பாத்து அனுப்பணும்."

சொல்லிவிட்டு அணைந்துபோனார். நான் திரையைப் பார்த்துத் திட்டிய திட்டில் மகள் அடுத்த அறையிலிருந்து ஓடி வந்தாள்.

கிளை மூடிய செய்தி கேட்டு நிரோஷினி முஹ்ஸின் சேருக்கு எழுதியிருந்தாள். இப்போது வீட்டிலிருந்துதானே, என்னைத் திரும்ப எடுப்பீர்களா என்று. அவளுடைய இடத்துக்குக் கொழும்பில் ஆள் எடுத்து முடிந்துவிட்டது. சேர் அதை அவளுக்குச் சொல்லும் பொறுப்பை என்னிடம் தந்தார். சொன்னேன். "அந்த மனுஷி இன்னும் வேலையிலதான் இருக்காவா அண்ணா?" என்று கேட்டாள்.

இருக்கிறார் என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள்.