போகியில் போன பதிப்பு

எங்கள் பட்டு டிசைன் சென்டரில் ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டர் இருக்கிறது. வரைந்த டிசைனைத் தறிக்கான ஃபைலாக மாற்றும் மென்பொருள் அதில்தான் ஓடுகிறது. அதன் ஒவ்வொரு பதிப்பையும் தனித்தனி ஃபோல்டரில் வைத்திருந்தேன். ‘இப்போது’ என்ற பெயரில் ஒரு சிம்லிங்க். அது வெறும் கைகாட்டி. எந்தப் பதிப்பைக் காட்டுகிறதோ அதுதான் ஓடும். புதுசு சொதப்பினால் கைகாட்டியைப் பழைய பதிப்பின் பக்கம் திருப்பிவிடுவேன். இதை முதலாளியிடம் எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

போகியன்று கடையைக் கழுவித் துடைத்தவர், கம்ப்யூட்டரையும் விட்டுவைக்கவில்லை.

“பழசெல்லாம் தூக்கிட்டேம்மா. போகியாச்சே! புதுசு ஒண்ணு, அந்த ‘இப்போது’ ஒண்ணு, ரெண்டுதான் இருக்குது.”

“அண்ணா, ‘இப்போது’ வெறும் பேருண்ணா. அது காட்டிக்கினு இருந்ததையே அழிச்சிட்டீங்க.”

“பேரு அப்படியே இருக்குதே, பாரு!”

பெயர் இருந்தது. ஓடத்தான் எதுவும் இல்லை.

பக்கத்துத் தெருவில் நெசவு நெய்யும் அக்கா ஒருவர், மூத்த மகளின் தை மாத முகூர்த்தத்துக்குத் தானே சேலை நெய்துகொண்டிருந்தார். ஊருக்கெல்லாம் நெய்தவர், தன் வீட்டுக்கென்று நெய்யும் முதல் பட்டு. சேலையின் உடல் பகுதி முடிந்து, முந்தானைக்கான ஃபைலுக்குக் காத்திருந்தார். உடலுக்கான ஃபைல் பழைய பதிப்பில் போட்டது என்பதால், அவருக்காகவே கைகாட்டியை அதிலேயே நிறுத்தியிருந்தேன். புதியதில் போட்டுப் பார்த்தேன். பார்டர் யாளி இரண்டு இழை தள்ளி நின்றது. முந்தானை சேரும் இடத்தில் அதற்குக் கழுத்து முறிந்திருக்கும்.

“ரெண்டு இழைதானேம்மா, யாரு பாக்கப்போறாங்க?”

“நெய்ஞ்சவங்க பாப்பாங்கண்ணா” என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

மென்பொருளை விற்றவர்களுக்குப் போன் போட்டேன். புதுசைத்தான் தருவார்களாம். விடுவேனா? வாலாஜாபாத் கிளையை முதலாளியின் மச்சான் பார்த்துக்கொள்கிறார். அங்கே எதையும் புதுப்பிக்க மாட்டார்கள், அத்தனை சோம்பேறித்தனம். பலமுறை திட்டியிருக்கிறேன். அன்று பண்டிகைக் கூட்டத்தில் பஸ்ஸில் தொற்றிக்கொண்டு போய், அதே சோம்பேறித்தனத்தைக் கும்பிட்டேன். பழைய பதிப்பு அங்கே பத்திரமாக இருந்தது. பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு வந்து, அதன் பழைய ஃபோல்டரிலேயே வைத்தேன். கைகாட்டியைத் தொடக்கூட வேண்டியிருக்கவில்லை. காட்டிய இடத்தில் மறுபடியும் ஆள் வந்துவிட்டது. சாயங்காலமே ஃபைலை அக்காவிடம் கொடுத்தேன்.

பொங்கலுக்குத் தெருவே தறியை நிறுத்தியிருந்தது. அவர் வீட்டில் மட்டும் ஓடியது.

சேலையைத் தறியிலிருந்து அறுத்தெடுத்ததும் என்னைக் கூப்பிட்டனுப்பினார். உடலும் முந்தானையும் சேரும் இடத்தில் விரலை வைத்து, பார்டர் நெடுகத் தடவினார். திரும்பவும் தடவினார்.

“எங்க நிறுத்தி எங்க ஆரம்பிச்சேன்னு எனக்கே தெரியலமா” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் சேலையை மடித்தபடியே கேட்டார்: “சின்னவளும் இதே மாதிரிதான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. அவளுக்கு இன்னும் வருசம் இருக்குது. அதுவரைக்கும் அந்தப் பழசை வெச்சிருப்பியாமா?”

“வெச்சிருப்பேங்க்கா.”

நேராகக் கடைக்குப் போய், அந்தப் பழைய பதிப்பின் ஃபோல்டரை அழிக்கும் உரிமையை முதலாளியிடமிருந்து பிடுங்கினேன்.