மந்திரிக்க முதல் அடித்த மணி

சவிரிமுத்து மூப்பரின் கண்கள் இரண்டும் வீங்கி மூடிவிட்டன. உதடு பேக்கரிப் பணிஸ் போலத் தடித்துவிட்டது. மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்குள் விசில் கேட்டது. நடுக்காடு. லொறியின் பின்சில்லுகள் சேற்றுக்குள். கைப்பேசியில் ஒரு கோடுகூட இல்லை. இந்த மனிதர் என் கண் முன்னே செத்துப்போகப் போகிறார் என்றே நினைத்தேன்.

பிரியமான சகோதரங்களே, செபக் கூட்டத்தில் என்னைக் கண்டவர்களுக்குத் தெரியும், நான் சாட்சி சொல்ல எழும்புகிற ஆள் இல்லை. சாட்சி சொல்பவருக்குப் பின்னால் இருந்து பகிடி விட்டுச் சிரிக்க வைக்கிற ஆள். ஆண்டவருக்கும் பகிடி தெரியும் என்பதை அன்றைக்குத்தான் அறிந்தேன்.

போன மாசி மாதம் நடந்தது இது. கொக்கிளாய்ப் பக்கம் காட்டோரத்தில் மீளக் குடியேறிய சனங்கள் ஒரு சின்னக் கோயில் கட்டியிருந்தார்கள். எங்கள் பங்கு மக்கள் அதற்கு ஒரு மணி கொடுத்தோம். திருகோணமலையிலிருந்து அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் சின்ன லொறியின் பொறுப்பு. முன்னால் நான், மூப்பர், அவருடைய மனைவி பிலோமினா அக்கா. அக்காவை யாரும் கூப்பிடவில்லை. "இவன் ஓடுற வாகனத்தில மனுசனைத் தனிய விட ஏலாது" என்று தானாகவே ஏறிக்கொண்டார்.

எங்கள் கோயிலில் மூப்பர் என்றால் சட்டம். பீடத்தில் மெழுகுதிரி சரிந்து நின்றால் அவருக்கு நித்திரை வராது. ஆயர் தீர்த்தம் தெளித்து மந்திரிக்க முதல், மணி ஒரு சத்தமும் போடக் கூடாது என்று அதன் நாக்கைச் சிவப்புத் துணியால் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தார். குச்சவெளி தாண்டுவதற்குள் இரண்டு தரம் லொறியை நிறுத்தச் சொல்லி முடிச்சைப் பார்த்தார்.

"மூப்பர், இதில ஒரு முடிச்சை என்ர வாய்க்கும் போட்டிருக்கலாம்" என்றேன்.

"உன்ர வாய்க்குத் துணி காணாது" என்றார் சிரிக்காமல்.

திரியாய், புல்மோட்டை எல்லாம் பாட்டும் கடலையுமாகப் போனது. அதற்குப் பிறகுதான் என் மூளை வேலை செய்யத் தொடங்கியது. காட்டுக்குள்ளால் ஒரு குறுக்கு வழி எனக்குத் தெரியும் என்றேன். இளந்தாரிக் காலத்தில் மோட்டார் சைக்கிளில் போன வழி. அது எனக்காக இன்னும் அங்கேயே காத்திருக்கும் என்று நம்பிவிட்டேன். பாதி தூரத்தில் பாதை முடிந்து சேறு தொடங்கியது. லொறி அதில் புதைந்து இருந்துவிட்டது.

சில்லுக்குக் கீழே போட மூப்பர் கத்தியோடு கொப்பு வெட்டப் போனார். அந்தப் பற்றைக்குள் குளவிக் கூடு. நான் ஓடிப்போய் அவரை இழுத்து வந்து லொறிக்குள் ஏற்றிக் கண்ணாடியை மூடினேன். என் காதிலும் ஒன்று கொட்டியது. அக்கா அதைக் கணக்கெடுக்கவில்லை. மூப்பருக்கு முகம், கழுத்து, கை எல்லாம். குளவிகள் அடங்கிய பிறகு அவரை இறக்கி நிழலில் சாய்த்தோம். அதற்குள் விசில் தொடங்கிவிட்டது.

ஹோர்ன் அடித்தேன். என் லொறியின் ஹோர்ன் கிழட்டு ஆடு இருமுவது மாதிரி. காட்டுக் குரங்குகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நடந்துபோய் ஆள் தேடலாம் என்றால் எந்தப் பக்கம் போவது? பாதையில் யானை லத்தி வேறு ஈரமாகக் கிடந்தது.

அக்கா செபமாலையைச் சொல்லிக்கொண்டே மூப்பரின் நெஞ்சைத் தடவினார். எனக்கு ஒரு பகிடியும் வரவில்லை. லொறியின் பின்னால் ஏறி, முழங்காலில் நின்று, சரிந்து கிடந்த அந்த மணியில் தலையைச் சாய்த்து அழுதேன். "யேசுவே, என்ர விசர்க் கதையால இந்த மனுசன் சாகக் கூடாது. ஆரையாவது அனுப்பும். நாங்கள் இஞ்ச இருக்கிறம் எண்டு ஆருக்காவது கேக்கப் பண்ணும்."

கேட்கப் பண்ணும். அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். கண்ணைத் திறந்தேன். என் மூக்குக்கு முன்னால் மணி. அதன் நாக்கில் சிவப்புத் துணி.

சகோதரங்களே, இவ்வளவு பெரிய மணியில் தலையை வைத்துக்கொண்டு ஆண்டவரிடம் சத்தம் கேட்டவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

துணியைப் பிடித்து இழுத்தேன். கீழேயிருந்து மூப்பரின் குரல், தடித்த உதட்டுக்குள்ளால்: "அடிக்கப்படாது... இன்னும் மந்திரிக்கேல்லை..."

"நீங்கள் வாயை மூடிக்கொண்டு மூச்சை விடுங்கோ!" என்றார் அக்கா. "ஆயரிட்ட நான் கதைக்கிறன். தம்பி, நீ அடி!"

கயிறு போட்டு, அக்காவும் நானும் லொறியின் கூரைக் கம்பியில் மணியைத் தூக்கிக் கட்டினோம். பிறகு அடித்தேன். அடித்தேன். காட்டில் இருந்த பறவை எல்லாம் எழும்பின. கை தோலுரிந்தது. ஆரும் வரவில்லை. அக்கா அழத் தொடங்கினார். நான் நிறுத்தவில்லை.

கடைசியில் ஒரு உழவு மெசின் சத்தம். அதற்கு முன்னால் தூசணப் பேச்சு. செபத்துக்கு மறுமொழி ஏசிக்கொண்டே வந்தது.

"எந்த விசரனடா மணி அடிக்கிறது? என்ர பட்டி மாடெல்லாம் கலைஞ்சு போச்சு! உன்னை..."

மூப்பரைக் கண்டதும் வந்தவருடைய வாய் நின்றது. அவர் பெயர் நாகராசா. திரியாய்க்காரர், காட்டுக்குள் பட்டி போட்டு மாடு பார்ப்பவர். மெசினின் பின்பெட்டிக்குள் வைக்கோலைப் பரப்பி மூப்பரை ஏற்றினார்.

"அண்ணை, மணி?" என்றேன், புத்தி கெட்டு.

"யானையே களவெடுக்கப் போகுது? ஏறுமய்யா!"

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், ஒட்சிசன் பிடித்தார்கள். கொஞ்சம் சுணங்கியிருந்தால் கஷ்டம் என்றார் டொக்டர். பின்னேரம் மூப்பரின் ஒரு கண் கீறலாகத் திறந்தது. "துணி எங்க?" என்பதுதான் அவருடைய முதல் பேச்சு. நான் வெளியே ஓடிப்போய்ச் சுவரோடு நின்று சிரித்து, அழுது, நன்றி சொன்னேன்.

லொறியும் மணியும் சேற்றிலிருந்து வெளியே வந்த பிறகு, அக்கா சொன்னபடியே ஆயரிடம் கதைத்தார். ஆயர் நெடுநேரம் சிரித்தாராம். மந்திரிப்பு நாளில் தீர்த்தம் தெளித்து முடிய, முதல் மணியை அடிக்கக் கயிற்றை மூப்பரிடம் கொடுத்தார்கள். எத்தனை நாளாகக் காத்திருந்த மனிதர்! அவர் அந்த நீளக் கயிற்றின் நுனியோடு நேரே பின்வரிசைக்கு நடந்தார். அங்கே வெள்ளை வேட்டியும் திருநீறுமாக நாகராசா அண்ணை நின்றார்.

"உங்களைக் கூப்பிட்ட மணி. நீங்கள் அடியுங்கோ."

"நான் மாட்டைக் கட்டிப்போட்டுத்தான் வந்தனான்" என்றார் அவர். கோயில் முழுக்கச் சிரித்தது. அவர் அடித்தார். மூப்பர் கண்ணைத் துடைத்தார். பிறகு என்னிடம் குனிந்து, "அண்டைக்கு நீ அடிச்சது கணக்கில்லை" என்றார்.

கணக்கில்லாமலே இருக்கட்டும். நான் இப்போதும் பகிடி விடுகிறவன்தான். ஆனால் செபம் சொல்லாமல் லொறியை எடுப்பதில்லை; செபம் சொல்லி முடிந்ததும், கேட்டது ஏற்கெனவே லொறியில் கிடக்கிறதோ என்று ஒருதரம் பின்னால் திரும்பிப் பார்ப்பேன். உங்களில் யாராவது இன்று ஏதோ ஒரு சேற்றுக்குள் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தால், விடாமல் கூப்பிடுங்கள். ஆண்டவருக்குக் கேட்கும். வருகிற உதவி ஏசிக்கொண்டு வந்தாலும், தயவுசெய்து ஏறிக்கொள்ளுங்கள்.