காத்துக்கு எழுதிய கடை

பேருந்துகள் திரும்புகிற முனையில் சாவிக்காரர் கடை. அதை ஒட்டினாற்போல் என் தையல் கடை. நடுவில் ஒரே சுவர். அவர் அரம் போடுகிற சத்தம் எனக்கும், என் மெஷின் ஓடுகிற சத்தம் அவருக்கும் கேட்டுக்கொண்டே இருக்கும். கேட்கவில்லையென்றால் அன்றைக்கு யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அர்த்தம்.

நான் அவரை அண்ணே என்பேன். மற்றவர்களுக்கு அவர் சாவி. "சாவி இருக்காரா?" என்று யாராவது எட்டிப் பார்த்தால், "சாவி இருக்கு, பூட்டு எங்க?" என்பார். எத்தனை தரம் சொன்னாலும் அவருக்கு மட்டும் அதில் சிரிப்பு தீராது.

கடை அவருக்குச் சொந்தம். ஒரு கட்டிலைப் போட்டால் கால் வைக்க இடம் இருக்காது, அவ்வளவுதான். பிள்ளை கிடையாது. அண்ணியும் கடையிலேயே இருப்பார். பழைய சாவிகளை ரகம் பிரித்துக் கம்பியில் கோப்பது அவர் வேலை. வெளிச்சம் வேண்டுமென்று தெருவைப் பார்த்த ஓரத்தில் உட்காருவார். பேருந்து ஒவ்வொரு தரம் திரும்பும்போதும் புகை நேராக அவர் மடியில் வந்து விழும். ஒரு துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மற்றக் கையால் கோத்துக்கொண்டே இருப்பார்.

அண்ணி மூச்சு முட்டித்தான் போனார். ஆஸ்பத்திரியில் நானும் கூட இருந்தேன். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இவங்க சிகரெட் பிடிப்பாங்களா?" என்று கேட்டார். அவர் கேட்க வேண்டியதைத்தான் கேட்டார், தப்பு சொல்ல மாட்டேன். அண்ணனுக்கு முகம் செத்துவிட்டது.

"அடுப்பைத் தவிர அவ எதையும் ஊதினது இல்ல சார்."

டாக்டர் தலையை ஆட்டினார். நம்பி ஆட்டினாரா, சும்மா ஆட்டினாரா தெரியவில்லை. ஆனால் அந்தக் கேள்வி அண்ணன் உள்ளே முள்ளாக நின்றுவிட்டது. வேலை செய்துகொண்டே இருப்பார், திடீரென்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "சிகரெட்டாமே தங்கச்சி" என்பார். நான் என்ன பதில் சொல்ல? ஆண்டவனே, இந்த மனுஷனுக்கு ஒரு பதிலைக் கொடு என்று வேண்டிக்கொள்வேன்.

பதில் ஒரு பெட்டியில் வந்தது என்று சொல்லலாம். கல்லூரியில் சுற்றுச்சூழல் ஆராய்ச்சி செய்கிற ஒரு பெண், காற்றை உறிஞ்சி அளக்கிற ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினாள். மாட்ட ஒரு ஆணியும், கொஞ்சம் மின்சாரமும் கேட்டாள். "காத்தை அளந்து என்னம்மா பண்ணப்போற, கிலோ போட்டு விக்கப்போறியா?" என்று டீக்கடைக்காரர் கிண்டல் பண்ணினார். அண்ணன் ஒன்றும் கேட்காமல் ஆணி அடித்துக் கொடுத்தார்.

மறுநாள் அவள் பெட்டியைத் திறந்தாள். உள்ளே வைத்திருந்த வெள்ளைத் தாள், அடிப்பிடித்த பாத்திரத்தின் அடிப்பக்கம் மாதிரி இருந்தது. அண்ணன் அதைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதைத்தான் அவ குடிச்சாளாம்மா?"

"இதனாலதான்னு நான் இப்பவே சொன்னா அது பொய்யாயிடும் ஐயா. வருஷக்கணக்கா ஒரே இடத்துல அளக்கணும். இங்க இருக்கிறவங்க உடம்பையும் கூடவே பாக்கணும். அப்பத்தான் தெரியும். ஆனா எங்களுக்கு நிலையா ஒரு இடம் யாரும் தர மாட்டேங்கறாங்க."

அவள் பொய் சொல்லாதது அவருக்குப் பிடித்துப்போயிற்று. அன்றைக்கே என்னிடம் வந்து, தன் காலத்துக்குப் பிறகு கடை அந்தக் கல்லூரிக்குத்தான் என்று உயில் எழுதப்போவதாகச் சொன்னார். சாட்சிக் கையெழுத்துக்கு என்னைக் கூப்பிட்டார். சரி என்றேன்.

வம்பு ஒரு வார்த்தையில் வந்தது. சுற்றுச்சூழல் என்கிற வார்த்தை அவர் வாயில் நிற்கவில்லை. "சுத்து... சூழ... போ தங்கச்சி, நாக்கு சுத்துது" என்று விட்டுவிட்டு, கேட்கிறவர்களிடமெல்லாம் சுருக்கமாக, "கடையைக் காத்துக்கு எழுதி வெக்கறேன்" என்றார்.

காத்து என்றால் நமக்கு ஒரு அர்த்தமா? மூச்சு விடுவதும் காத்துதான், பேர் சொல்லப் பயந்துகொண்டு பேயைச் சொல்வதும் காத்துதான். சாயங்காலத்துக்குள் டீக்கடையில் கதை கட்டி முடித்துவிட்டார்கள். சாவிக்கு ஆவி பிடித்துவிட்டது, செத்துப்போன பெண்டாட்டி பேருக்குக் கடையை எழுதுகிறார் என்று.

அது அவருடைய கூடப்பிறந்த அண்ணன் மகன் காதுக்கும் போயிற்று. நல்ல பையன். தாய் இல்லாமல் அண்ணி கையால் சாப்பிட்டு வளர்ந்தவன். செல்போன் ரிப்பேர் தெரியும். சித்தப்பாவுக்குப் பிறகு கடை தனக்குத்தான் என்று நம்பி, கட்டிக்கொள்ளப் போகிற பெண் வீட்டிலும் அப்படியே சொல்லி வைத்திருந்தான். நேராக என் கடைக்கு வந்தான்.

"அக்கா, நீங்க சாட்சிக் கையெழுத்து போடப் போறீங்களாமே."

"கேட்டார் தம்பி. சரின்னுட்டேன்."

"சித்தப்பாவுக்குப் புத்தி சரியில்லக்கா. ஊரே சொல்லுது. நான் பதிவு ஆபீஸ்ல போய்ச் சொல்லப்போறேன்."

"ஊர் சொல்றது இருக்கட்டும். நீ நெஞ்சைத் தொட்டுச் சொல்லு, அவருக்குப் புத்தி சரியில்லையா?"

அவன் என் கத்திரிக்கோலையே பார்த்துக்கொண்டு நின்றான். "எனக்கு வேற வழி இல்லக்கா" என்று சொல்லிவிட்டுப் போனான். எனக்கு அன்றைக்குத் தையல் ஓடவில்லை. ஊசியில் நூல் ஏறவில்லை.

இதற்குள் அண்ணனுக்கும் அதே இளைப்பு வந்துவிட்டது. பேச ஆரம்பித்தால் பாதியில் நின்று மூச்சைத் தேட வேண்டும். பதிவு அலுவலகம் மாடியில். படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று ஏறினார். நான் பின்னால், அவர் சாய்ந்தால் தாங்கலாம் என்று. இன்னொரு தரம் இவரால் இந்தப் படி ஏற முடியாது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. அவருக்கும் தெரியும். மேலே போனதும் திரும்பி, "இன்னிக்கு விட்டா விட்டதுதான்" என்றார்.

பையன் எங்களுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தான்.

பதிவாளர் ஒரு அம்மா. கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு அவன் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு எங்களைப் பார்த்து, "நான் இவர்கிட்ட மட்டும்தான் கேப்பேன். சாட்சிங்க வாயே தொறக்கக் கூடாது" என்றார். நான் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டேன்.

"பெரியவரே, உங்க கடையை யாருக்கு எழுதறீங்க?"

காலேஜுக்குன்னு சொல்லுங்கண்ணே, காலேஜுக்கு. எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"காத்துக்குங்க" என்றார் அண்ணன்.

பதிவாளர் பேனாவை மூடினார்.

"கேட்டீங்களா மேடம்" என்றான் பையன். அவன் குரலில் சந்தோஷம் இல்லை. ஆனாலும் சொல்லிவிட்டான்.

"பேப்பர்ல காலேஜ்னு இருக்கு, இவர் வாயில வேற வருது. எழுதினதும் சொல்றதும் ஒத்துப்போகலைன்னா நான் பதிய முடியாது. டாக்டர்கிட்ட ஒரு சர்டிபிகேட் வாங்கிட்டு இன்னொரு நாள் வாங்க."

அண்ணன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். வார்த்தைக்குப் பதில் இருமல் வந்தது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருமினார், கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. பியூன் தண்ணீர் கொண்டுவந்தான். வேண்டாம் என்று கையை ஆட்டினார். அடுத்த ஆள் பேரைக் கூப்பிட்டுவிடுவார்களோ என்று நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆண்டவனே, அவருக்கு ஒரே ஒரு மூச்சு கொடு, அது போதும் என்று கேட்டேன். என் வாழ்நாளில் அவ்வளவு சின்னதாக எதையும் கேட்டதில்லை.

பதிவாளர் அம்மாவும் அவசரப்படுத்தவில்லை. இருமல் அடங்கினதும், "அந்தக் காத்துங்கற வார்த்தை இல்லாம சொல்லுங்க, பாப்போம்" என்றார்.

அண்ணன் யோசித்தார். மூச்சை இழுத்தார். பாதி இழுத்து, மீதியையும் இழுத்தார்.

"என் வீட்டுக்காரி... எதனால செத்தான்னு... பாத்துச் சொல்லப் போறவங்களுக்கு."

பதிவாளர் பையன் பக்கம் திரும்பினார்.

"உங்க சித்தி எதனால இறந்தாங்க?"

"நுரையீரல் மேடம்."

"சிகரெட் பிடிப்பாங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே கேள்வி. அண்ணன் நிமிர்ந்து பையனைப் பார்த்தார். அவன் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். தெரியாது என்றுகூடச் சொல்லியிருக்கலாம், யாரும் அவனைத் தூக்கில் போடப் போவதில்லை. தெரியாது என்ற அந்த ஒரு சொல்லில் கடை அவனுக்கு மிச்சமாகியிருக்கும்.

"மாட்டாங்க" என்றான். "வீட்ல யாராவது பிடிச்சாக்கூடத் திட்டுவாங்க."

"அப்ப எதனால வந்துச்சு?"

"தெரியல மேடம்" என்றான். குரல் உடைந்துவிட்டது.

"அவரும் அதைத்தானே கேக்கறார். இதுல புத்தி எங்க கெட்டிருக்கு?" என்று பதிவாளர் பேனாவைத் திறந்தார். என் முறை வந்ததும் நானும் கையெழுத்துப் போட்டேன்.

பையன் முதலில் இறங்கிப் போய்விட்டான். நாங்கள் முதல் திருப்பத்தில் நின்றுகொண்டிருக்கையில் திரும்ப மேலே ஏறி வந்து சித்தப்பாவுக்குத் தோளைக் கொடுத்தான்.

"பொண்ணு வீட்ல என்னடா சொல்லப்போற?"

"கடை இல்லன்னு சொல்றேன்."

"குடுப்பாங்களா?"

"பாப்போம் சித்தப்பா. படியைப் பாத்து வைங்க."

கொஞ்சம் இறங்கினதும் அண்ணன் நின்றார். "சாவி மெஷினும் அரமும் நீ எடுத்துக்கடா. காத்துக்கு அதெல்லாம் எதுக்கு?" என்றார். பையன் சிரித்துவிட்டான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான்.

அண்ணன் அதற்கப்புறம் அதிக காலம் இல்லை. பையன் எதிர்ச் சாரியில் ஒரு மரத்தடியில் மெஷினைப் போட்டுக்கொண்டு சாவியும் போனுமாகப் பார்க்கிறான். கடை இல்லை என்றாலும் பேசி வைத்த அந்தப் பெண்ணையே அவனுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். கடை இப்போது கல்லூரிக்காரர்கள் காற்றை அளக்கிற அறை. பெட்டி ஒன்று மூன்றானது. அந்த ஆராய்ச்சிப் பெண் வந்து தாள் மாற்றுவாள். சுவருக்கு அந்தப் பக்கம் அரம் சத்தம் போய், காற்றை உறிஞ்சும் மெல்லிய இரைச்சல் கேட்கிறது. சில நாள் யாரோ தூங்குகிற மாதிரி இருக்கும்.

போன வாரம் அவள் என்னிடம் கேட்டாள். "அக்கா, பிள்ளைங்களைக் கூட்டிட்டு வர்றவங்க மட்டும் நம்ம ரூம் பக்கம் வராம ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கமாப் போறாங்களே, ஏன்?"

எனக்குச் சொல்லக் கூச்சமாக இருந்தது. "இங்க காத்து இருக்குதுன்னு பயப்படறாங்கம்மா" என்றேன்.

அவள் கையிலிருந்த கறுத்த தாளைப் பார்த்தாள்.

"சரியாத்தான் பயப்படறாங்க" என்றாள்.