மொட்டுக்கு முளைத்த கொம்பு

என் அக்காவை வீட்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. டேப்பு என்றால் அவள்தான். கைப்பையில் பர்ஸ் இல்லாமல்கூட வெளியே போவாள், அளக்கும் டேப்பு இல்லாமல் போகமாட்டாள். என் மாமியார் வீட்டுக்கு முதல்முறை வந்தபோது, உட்காரச் சொன்ன சோபாவை அளந்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். "உயரம் பத்தாது, எழுந்திருக்கும்போது முட்டி வலிக்கும்" என்று மாமியாரிடமே சொன்னாள். மாமியாருக்கு முட்டிவலி இருந்தது வேறு விஷயம். வந்த இடத்தில் அதைச் சொல்லுவார்களா?

கடைகளை வடிவமைப்பது அவள் தொழில். பெயர்ப்பலகை எப்படி, பையில் என்ன படம், சுவருக்கு என்ன நிறம், அலமாரி எங்கே, விளக்கு எங்கே, எல்லாம் அவள்தான். ஒரு பெரிய நிறுவனத்தில் பல வருடம் இதைச் செய்தாள். ஊருக்கு ஊர் ஒரே மாதிரி செருப்புக் கடை, ஒரே மாதிரி கண்ணாடிக் கடை. உழைப்பது இவள், கைகுலுக்கல் மேலாளருக்கு. போதும் என்று ஒருநாள் வெளியே வந்துவிட்டாள். மேலாளர் நல்லவிதமாகத்தான் பேசினார். "தனியா ஒரு கடை செஞ்சு பாருங்கம்மா. சரிப்பட்டு வரலைன்னா திரும்பி வந்துடுங்க. உங்க நாற்காலி காலியாதான் இருக்கும்."

அந்தக் காலி நாற்காலி அவளைத் துரத்திக்கொண்டே இருந்தது. முதல் கடை சொதப்பினால் பேசாமல் போய் அதில் உட்கார்ந்துவிடுவேன் என்று என்னிடம் சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள். அதனால் அந்த முதல் கடை அவளைவிட எனக்குப் பயமாக இருந்தது.

முதல் கடை குழந்தைகள் கடையாக வந்தது. பிரசவ வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு அம்மாள், துணி, பொம்மை, படப் புத்தகம் எல்லாம் வைத்து நடத்த ஆசைப்பட்டார். "பொண்ணுங்க பக்கம் பிங்க், பையனுங்க பக்கம் ப்ளூ. அவ்வளவுதானே?" என்றார். அக்கா தரையில் மண்டியிட்டாள். வாசலிலிருந்து கடைசிச் சுவர்வரை முட்டியாலேயே நடந்தாள். காலி இடம், சிமெண்ட் தரை. வேலைக்கு வந்திருந்த தச்சரும் நர்ஸம்மாவும் வாயைப் பிளந்து பார்த்தார்கள்.

"என்னம்மா, ஏதாச்சும் தொலைஞ்சு போச்சா?" என்றார் தச்சர்.

"வாங்குறவங்க இந்த உயரத்துல இருந்துதான்ணே பாக்கப் போறாங்க."

"வாங்குறவங்க அவங்க அப்பா அம்மா. காசு அவங்க பையிலதானே இருக்கு?"

அக்காவுக்கும் தச்சருக்கும் பெரிய சண்டை நிலைக்கண்ணாடியில்தான். அக்கா அதைத் தரையோடு ஒட்டி, குள்ளமாக வைக்கச் சொன்னாள். பெரியவர்கள் நின்றால் இடுப்புவரைதான் தெரியும். "கண்ணாடியில தலையே தெரியாத கடை உலகத்துலயே இது ஒண்ணுதான்" என்று முனகிக்கொண்டே தச்சர் மாட்டினார். பிங்க்கும் ப்ளூவும் போய், எலுமிச்சை மஞ்சளும் துணி சோப்பு நீலமும் வந்தன.

கடைக்குப் பெயர் 'மொட்டு'. நர்ஸம்மா வைத்தது. அதற்கு எழுத்து வரைய அக்கா பட்ட பாட்டை நான் பார்த்தேன். சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் விரலால் 'டு' போடுவாள். கடைசியில் ஒன்று பிடிபட்டது. 'டு'வில் மேலே வளைகிற கோட்டை மெல்லிய பச்சைத் தண்டாக இழுத்தாள். அந்த எழுத்துக்கு முன்னால், மொட்டுக்குத் துணையாக, இரண்டு சுருள் சுருண்ட ஒரு கொடியை வரைந்தாள். கணினியில் பார்த்தபோது கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. நர்ஸம்மாவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

பலகை ஏறிய அன்று மாலை, எதிர்வரிசையில் பஸ்ஸை விட்டு இறங்கி நிமிர்ந்து பார்த்தேன். அந்தத் தூரத்தில் மெல்லிய தண்டு மறைந்துபோயிருந்தது. சுருண்ட கொடி மட்டும் கொழுகொழுவென்று, அச்சு அசல் 'டை'க்குப் போடுகிற சங்கிலிக்கொம்பாக நின்றது. மொட்டு இல்லை. மொட்டை.

ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். நான் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். "டாக்டர் கிறுக்கலைப் படிச்சுப் படிச்சு உன் கண்ணு கெட்டுப்போச்சுடி" என்றாள். "மொட்டுக்கும் மொட்டைக்கும் என்ன சம்பந்தம்? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதே."

"ரோட்டைத் தாண்டி வந்து பாருக்கா. உள்ள முட்டி போட்டுப் பாத்தியே, வெளிய நின்னு பாத்தியா?"

வரமாட்டேன் என்றாள். உனக்கென்ன கொம்பா முளைத்திருக்கிறது என்று திட்டிவிட்டு வந்தேன். உண்மையில் கொம்பு முளைத்தது பலகைக்குத்தான்.

மறுநாள் கடை திறந்தது. முதலில் நுழைந்தவர் ஒரு பையனைக் கையில் பிடித்துக்கொண்டு, நேராக நர்ஸம்மாவிடம் போய், "இவனுக்கு மொட்டை அடிக்கணும், ரொம்ப நேரம் ஆகுமா?" என்றார். நர்ஸம்மா முகம் சுண்டிப்போனது. அக்கா வெளியே போனாள். சாலையைக் கடந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். அவள் தோள் தளர்ந்ததை நான் இந்தப் பக்கத்திலிருந்தே பார்த்தேன். திரும்பி வந்து, "கழட்டிடலாம்மா. தப்பு என்னோடது" என்றாள். எனக்குத் தெரியும், அவள் கண்முன்னே அந்த நாற்காலி நின்றது. சொன்னவள் நான்தான், ஆனாலும் நான் சொன்னது பலித்திருக்கவே வேண்டாம் என்று இருந்தது.

அப்போது எதிர்வரிசையிலிருந்து ஒரு சின்னக் குரல் கத்தியது. "மொ... ட்... டை. மொட்டை! அம்மா, மொட்டைக் கடைம்மா!"

தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டிருந்த ஒரு பெண் குழந்தை, அம்மாவைச் சாலை தாண்டிக் கடைக்குள் இழுத்து வந்தது. இப்போதுதான் எழுத்துக் கூட்டப் பழகுகிறது போலும். அதன் அம்மா சங்கடத்தோடு குரலைத் தாழ்த்தினாள். "பேன் வந்துச்சுன்னு மொட்டை போட்டுட்டோம். ஸ்கூல்ல கேலி பண்றாங்களாம், ஒரு வாரமா தொப்பிய கழட்ட மாட்டேங்குறா. தூங்கும்போதுகூட."

குழந்தை நேராகக் குள்ளக் கண்ணாடி முன் போய் நின்றது. உச்சிமுதல் உள்ளங்கால்வரை அது மட்டும்தான் அதில் தெரிந்தது, பெரியவர் முகம் ஒன்றுகூட இல்லை. கொஞ்சநேரம் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றிக் கீழே போட்டது.

"எங்களுக்கு என்னல்லாம் இருக்கு?" என்று கேட்டது.

நர்ஸம்மா குனிந்து, "உன்ன மாதிரி மொட்டைங்க எத்தனை பேரை இந்தக் கையில வாங்கியிருக்கேன் தெரியுமா? வா, எல்லாம் உங்களுக்குத்தான்" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார். குழந்தையின் அம்மா தொப்பியை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், மறைப்பானேன்.

பலகையைக் கழற்றவில்லை. அன்று மதியமே அக்கா ஏணியில் ஏறித் தண்டைத் தடிமனாக்கினாள், கொடியைச் சுரண்டி எடுத்தாள். நான் எதிர்வரிசையில் நின்று "தெரியுது, தெரியுது" என்று கத்தினேன். இப்போது மொட்டு மொட்டாகவே தெரிகிறது. அந்தத் தெருக் குழந்தைகளுக்கு மட்டும் அது இன்னமும் மொட்டைக் கடைதான்.

ஏணியிலிருந்து இறங்கியதும் கைப் பெயிண்டைத் துடைத்துக்கொண்டு மேலாளருக்குப் போன் போட்டாள். முதல் நாளே ஒரு தப்பு நடந்ததை முழுசாகச் சொன்னாள். அவர் என்ன கேட்டாரோ, இவள் சிரித்தாள்.

"இல்ல சார். இத்தனை வருஷமா உங்ககிட்ட தப்பே இல்லாம பலகை செஞ்சேன். ஒருத்தர்கூட எழுத்துக் கூட்டிப் படிக்கல. அந்த நாற்காலில வேற யாரையாவது உட்கார வைங்க."