சுவரில்லாத அடுப்படி

பாரோயில் இருக்கும் வீட்டில் என் மகன் சமையலறைச் சுவரை இடித்து ஹாலோடு சேர்த்துவிட்டான். மருமகள் கீதா குழம்பைக் கிளறிக்கொண்டே, சோபாவில் இருக்கும் அவனோடு பேசிச் சிரிக்கிறாள். அதைக் கேட்டால் எனக்கு வயிறு எரிகிறது.

வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்து வீடுகளில் சோறாக்கத் தடை வந்தது. காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாதாம். முள்வேலிக்குள் சுவரில்லாத தகரக் கொட்டகை போட்டு, எல்லா வீட்டுக்கும் அங்கேயே பொங்கினார்கள். அம்மாவும் பொங்கப் போனாள். வரிசையாய்க் கட்டிய லயத்து வீட்டின் புகையடைந்த அடுப்படியில் வாயே திறக்காதவள், அங்கே கூடப் பொங்கிய முனியம்மா அத்தையின் தோளில் சாய்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். தூக்குச்சட்டியோடு ஓடினேன். என்னைக் கண்டதும் சிரிப்பை விழுங்கிக்கொண்டு, "வரிசையில நில்லு புள்ள" என்றாள். அந்த அத்தையைக் கடித்து வைக்கலாம் போலிருந்தது.

பிறகு தடை நீங்கி, அரிசி வீட்டுக்கு வந்தது. அம்மாவும் வந்தாள். இனி அந்தச் சிரிப்பு எனக்குத்தான் என்று அடுப்படி வாசலில் போய் உட்கார்ந்துகொண்டேன். பலகைச் சுவருக்குப் பின்னாலிருந்து அகப்பைச் சத்தம் மட்டும்தான் வந்தது. நாள் கணக்கில் உட்கார்ந்திருந்தும் அதேதான்.

"எப்டிம்மா இருக்கு? நல்லா ஓப்பனா இருக்குல்ல?" என்கிறான் மகன். கீதா எதற்கோ மறுபடி சிரிக்கிறாள்.

"கொழம்பு அடிபுடிக்குது லா, அதப் பாரு மொதல்ல" என்கிறேன்.

குழம்பு ஒன்றும் அடிபிடிக்கவில்லை. ஆனால் சிரிப்பு நின்றுவிட்டது. அகப்பைச் சத்தம் மட்டும் கேட்கிறது.