அமாவாசைக்கு லீவு போட்டவன்

போன வாரம் என் வீட்டில் எனக்குப் 'பொறுப்பான மகன்' என்று பட்டம் கிடைத்தது. வாழ்நாளில் முதல் தடவை. வாங்கிய நாளில் இருந்து நிம்மதி இல்லை — அது எனக்குரிய பட்டமே இல்லை.

நடந்தது இதுதான். பங்குனி அமாவாசை என்றைக்கு என்று கலண்டரைப் புரட்டினேன். செவ்வாய்க்கிழமை. அந்த இடத்திலேயே நின்று ஒஃபிசுக்கு ஃபோன் எடுத்து லீவு சொன்னேன். சந்தோஷத்தில் ஏதோ முணுமுணுத்துப் பாடினேன் என்றும் ஞாபகம். பின்னால் நின்ற என் மனைவி சுகந்திக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்பா காலமாகி ஆறு வருடம். தகப்பன் இல்லாத மூத்த மகன் அமாவாசைக்கு விரதம் இருக்க வேண்டும். என் விரதம் எப்படி? காலையில் குளிப்பேன், மத்தியானம் கன்ரீனில் மரக்கறிச் சோறு... அவ்வளவுதான். அப்படிப்பட்டவன் லீவே போட்டுவிட்டான் என்றால் அவள் என்ன நினைப்பாள்? உடனே மருதனார்மடத்தில் இருக்கிற என் தங்கச்சிக்குச் செய்தி போனது. வாழையிலையும் மரக்கறியும் தான் கொண்டு வருவதாக அவள் சொல்லிவிட்டாள்.

நான் லீவு போட்டது அப்பாவுக்காக இல்லை. மீனுக்காக.

எட்டு மாதமாக எனக்கு ஃப்ளை ஃபிஷிங் பைத்தியம். தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றி, இறால் மாதிரி ஒரு பொய் இரை கட்டி, நீளத் தடியால் சுழற்றி வீசி மீன் பிடிக்கிற வித்தை. பிடித்ததைப் படம் எடுத்துவிட்டுத் திரும்பத் தண்ணீரிலேயே விட வேண்டும் — அதுதான் இதில் மரியாதையாம். எல்லாம் யூடியூப் படிப்பு. எட்டு மாதத்தில் நான் பிடித்தது எத்தனை? ஒன்றுமில்லை. என் காதில்தான் இரண்டு முறை முள் கொழுவியது.

காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன் — தண்ணீர். எங்கள் கடலில் வற்றும் பெருக்கும் முழங்கால் அளவுதான். அந்தக் கொஞ்சமும் அமாவாசை, பூரணையை ஒட்டித்தான் நன்றாக ஏறும். அப்போதுதான் பாரை மீன் ஆழத்தை விட்டுக் கரையோரப் புல்லுக்குள் இறால் தேடி வரும்.

பூரணைக்குப் போகலாமே என்பீர்கள். போனேனே... பூரணை என்றால் ஊருக்கே போயா விடுமுறை, கரை முழுக்கச் சனம். அமாவாசை வெள்ளிக்கிழமையில் வந்தால் சுகந்தியிடம் மீன் பேச்சே எடுக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமையில் வந்தால், என்னைக் கூட்டிப்போகிற குருநகர் சூசை அண்ணை பூசை நாள் என்று வள்ளம் இறக்க மாட்டார். நிலா இதையெல்லாம் பார்த்தா தேய்கிறது? சித்திரை பிறந்துவிட்டால் தென்மேற்கில் இருந்து வருகிற சோளகக் காற்றை நம்ப முடியாது. முன்னுக்கு வீசுகிற இறகு முதுகுக்குத்தான் வரும். இந்த அமாவாசையை விட்டால் பிறகு புரட்டாதிதான்.

இதையெல்லாம் சுகந்தியிடம் சொல்லியிருக்கலாம்தானே? வாய் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை குளித்து, திருநீறு பூசி, வெறும் வயிற்றோடு இருக்கிறேன். கண் மட்டும் ஃபோனில். பத்து மணிக்குப் பெருக்கு என்கிறது. பத்தும் ஆனது. பதினொன்றும் ஆனது. பாரைகள் என்னைத் தேடிவிட்டுத் திரும்பிப் போயிருக்கும்...

அப்பாவின் படத்துக்கு முன்னால் படையல். கத்தரிக்காய், பயற்றங்காய், வாழைக்காய், பாயாசம். தங்கச்சி கற்பூரம் கொளுத்தினாள். அண்ணை லீவு போட்டு விரதம் இருக்கிறதைப் பார்த்து அப்பா எவ்வளவு சந்தோஷப்படுவார் என்று சொல்லி அழுதாள். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன் — கலண்டர், நிலா, பெருக்கு, பாரை.

சுகந்தி பாயாசச் சட்டியை மூடினாள். எனக்கு இன்றைக்கு அது கிடையாது என்று விளங்கிக்கொண்டேன்.

தங்கச்சி மட்டும் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெல்லச் சொன்னாள். "மீன் இல்லாமல் அப்பாவுக்கு ஒரு நாளும் சோறு இறங்கினதில்லை. செத்த நாளிலை இருந்து நாங்கள் அவருக்குக் கத்தரிக்காய் குடுத்துக்கொண்டிருக்கிறம்."

உண்மைதானே? ஆள் இருக்கும்போது என்ன வேண்டும் என்று கேட்டுச் சமைக்கிறோம். படமாகிவிட்டால் எங்களுக்குச் சரியென்று பட்டதைத்தான் வைக்கிறோம். பாவம், படம் இறங்கி வந்து மறுக்கவா போகிறது?

சுகந்தியின் முகம் கொஞ்சம் இளகியது. "நாளைக்குப் போங்கோ. ஆனால் பிடிக்கிறதை விட்டிட்டு வாறதெண்டால், நீங்களும் அங்கையே நில்லுங்கோ."

உடனே சூசை அண்ணைக்கு ஃபோன். ஒரு நாள் தப்பிவிட்டதே, தண்ணீர் குறைந்திருக்குமா என்று நடுக்கத்தோடு கேட்டேன். அவர் ஆறுதலாகச் சொன்னார். "அமாவாசை கழிஞ்சு அடுத்த ரெண்டு நாளும்தான் தம்பி வெள்ளம் கூட. நீங்கள் லீவு போட்டிட்டன் எண்டு சொன்னபடியால் நான் ஒண்டும் கதைக்கேல்லை."

புதன்கிழமை இன்னொரு லீவு. மண்டைதீவுப் பக்கம் முழங்கால் தண்ணீரில் நிற்கிறேன். பெருக்கு ஏறுகிறது; துடையைத் தொடுகிறது. திடீரென்று தண்ணீரைக் கீறிக்கொண்டு ஏதோ வருகிறது. வீசினேன். மெல்ல இழுத்தேன். ஒன்று... இரண்டு... தடி வளைந்தது!

நூல் கீச்சென்று கத்திக்கொண்டு ஓடுகிறது. நான் விழுந்துவிடுவேன் என்று சூசை அண்ணை என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பத்து நிமிடம். எட்டு மாதத்துக்கும் சேர்த்துப் பத்தே நிமிடம். வெள்ளித் தட்டு மாதிரி இரண்டு கிலோ தேறுகிற பாரை என் கையில். நான் போட்ட கூச்சல் குருநகர் வரைக்கும் கேட்டிருக்கும்.

யூடியூப் குருமார் மன்னிக்க வேண்டும். நான் அதைத் திரும்ப விடவில்லை.

சுகந்தி பாதியைக் குழம்பு வைத்து, பாதியைப் பொரித்தாள். முதல் துண்டைச் சோற்றோடு மதிலில் வைத்தேன். முதல்நாள் விரதச் சோற்றுக்கு அரை மணித்தியாலம் கா கா என்று தொண்டை வறளக் கூப்பிட்டும் ஒரு காகம் எட்டிப் பார்க்கவில்லை. இன்றைக்கு நான் வாயே திறக்கவில்லை. கையை எடுக்க முதலே ஒன்று வந்து இறங்கி, சோற்றைத் தள்ளிவிட்டு, மீனை மட்டும் தூக்கிக்கொண்டு போனது.

சந்தேகமே இல்லை — அப்பாதான்.